தேனீயும் முதலையும்

1715-ஆம் ஆண்டில் ஐசக் வாட்ஸ் என்னும் ஆங்கிலேயப் போதகர் சிறுவர்க்கென ஞானப்பாடல் நூலொன்றை வெளியிட்டார். அதில் சோம்பலைக் கண்டிக்கும் தேனீப் பாடலைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். 1865-இல் லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையில் அத்தேனீயை முதலையாக்கிவிட்டார். தேன் சேர்க்கும் உழைப்பாளிக்குப் பதிலாக, வாலை மினுக்கிக்கொண்டு, புன்முறுவலோடு மீன்களைத் தன் வாய்க்குள் வரவேற்கும் முதலை!

இது இறைநிந்தையா? கரோல் 1861-இல் ஆங்கிலிக்கன் சபையில் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். ஆலிஸ் பாடலை ஒப்புவிக்க முயலும்போதே சொற்கள் தடம் புரள்கின்றன. ஆதலின் அவர் நகையாடியது பக்தியையன்று, பொருளுணராத ஒப்புவித்தலையே என்பது நம் கருத்து. (மறைக்கல்வி வகுப்பில் செபம் ஒப்புவிக்கக் கேட்கும் நமக்கும் இது சற்றே உறைக்கும்.) வாட்ஸ் 1707-இல் வெளியிட்ட திருச்சிலுவைப் பாடல் இன்றும் ஆலயங்களில் உருக்கமாகப் பாடப்படுகிறது, அதை எந்த முதலையும் விழுங்கவில்லை. தேனீயை இன்று அறிந்தோரிற் பலர் முதலையின் முதுகேறி அதனிடம் வந்தவர்களே.