படத்தில் இருப்பது யார்?

1950இல் கனடாவின் வடபகுதியில், ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே உள்ள பாட்லேய் பக்கம் காரிபூ மான்கள் வராமல் போயின. அந்த மானின் இறைச்சியைத் தின்று, அதன் தோலை உடுத்தி வாழ்ந்த இன்யூட் மக்களைப் பட்டினி பிடித்தது. ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறிய ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற புகைப்படக்காரர் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒடுங்கிய முகங்களையும், குழந்தையின் முகத்தோடு மூக்கை வைத்து அழுத்தும் ஒரு தாயையும் படமெடுத்தார். அவருடைய ஆர்க்டிக் படங்கள் புகழ்பெற்று, கடைசியில் தலைநகர் ஒட்டாவாவின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. ஆனால் படத்தில் இருந்தவர்களில் பலருக்கு அங்கே பெயர் இல்லை. ‘எஸ்கிமோ பெண்’ என்ற மாதிரி ஒரு குறிப்போடு அரை நூற்றாண்டு கிடந்தார்கள்.

புகைப்படக்காரரின் அவசரத்தை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. இன்யூட் மக்களுக்கு அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் இருந்ததில்லை. இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். பாட்டனின் பெயரைத் தாங்கிய சிறுவனைப் பெரியவர்களே ‘அப்பா’ என்று அழைப்பதும் உண்டு. பெயரோடு உறவும் சேர்ந்தே வருகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது எளிதில் புரியும். ஒட்டாவா அதிகாரிகளுக்குப் புரியவில்லை. பேரேட்டில் எழுதத் தோதாக 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லை ஒன்றைக் கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கிழக்கே வாழ்ந்தவரின் எண் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், மேற்கே வாழ்ந்தவருடையது ‘டபிள்யூ’வில். 1960களின் கடைசியில்தான் ஏப் ஒக்பிக் என்ற இன்யூட் தலைவர் ஊர் ஊராகப் போய், எண்ணுக்குப் பதிலாகக் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்தார்.

இடையில் காசநோய் வந்தது. நோயாளிகளைக் கப்பலில் ஏற்றித் தெற்கே இருந்த மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1956இல் இன்யூட் மக்களில் ஏழில் ஒருவர் அப்படித் தெற்கே படுத்திருந்தார். திரும்பாதவர்களில் பலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றுகூட வீட்டாருக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு பழைய படம் எத்தனை பெரிய சொத்து!

அந்தச் சொத்தைத் தேடிக் கொடுக்கும் வேலை 2002இல் தொடங்கியது. இன்யூட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனவுட் பகுதியின் இளைஞர்கள் படிக்கும் ‘நுனவுட் சிவுனிக்சாவுட்’ என்ற கல்வி நிலையம் ஒட்டாவாவில் இருக்கிறது. அதன் ஆசிரியர் மர்ரே ஆங்கஸ் ஆவணக் காப்பகத்திடம் யோசனை சொன்னார். நுனவுட் அரசும் கைகொடுத்தது. ஹாரிங்டனின் சுமார் 500 படங்களைக் கணினிக்கு மாற்றினார்கள். மாணவர்கள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குப் போய், முதியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகக் காட்டி “இது யார்?” என்று கேட்டார்கள். முதல் தொகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ‘பெயர் சூட்டும் திட்டம்’ என்று அதற்குப் பெயர்.

பெயரை மட்டும் சொல்லி எந்த முதியவர் நிறுத்துவார்? யாருக்கு யார் மகள், அந்தக் குளிர்காலத்தில் எங்கே வேட்டையாடினார்கள் என்று பேச்சு நீளும். தாத்தாவும் பாட்டியும் இனுக்டிடூட் மொழியில் பேச, ஆங்கிலப் பள்ளிகளில் படித்த இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பகத்துக்குப் பட்டியல் கிடைத்தது. ஊருக்குத் தன் கதை கிடைத்தது. இதில் எது பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்யூட் மக்களின் கையிலேயே கேமரா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாஃபின் தீவில் கேப் டோர்செட் பகுதியைச் சேர்ந்த பீட்டர் பிட்சியோலக் (1902–1973) அதற்கு விடை. வெண்கரடிக்குப் பயந்த ஒரு வெள்ளைக்காரருக்காக 1930களில் முதல் படத்தை எடுத்துக் கொடுத்தவர், 1940களில் சொந்தக் கேமரா வாங்கினார். டார்ச் விளக்கைச் சிவப்புத் துணியால் மூடி, பனிவீட்டுக்குள்ளேயே மனைவி அகியோக்குடன் படச்சுருளைக் கழுவினார். உறவினர்களுக்குப் பழைய உடைகளை அணிவித்தும் படமெடுத்தார். அமெரிக்காவில் எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரரும் பூர்வகுடிகளை அப்படி அலங்கரித்தவர்தான். கூடாரத்தில் இருந்த கடிகாரத்தைப் படத்திலிருந்து அழித்துப் ‘பழமை’யைக் காப்பாற்றியவர். பிட்சியோலக்கோ தன் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எடுத்தார். படத்தில் இருந்தவர்கள் அவருக்குச் சொந்தபந்தம். ‘எஸ்கிமோ பெண்’ என்று எழுத அவருக்கு வழியே இல்லை.

2015இல் பெயர் சூட்டும் திட்டம் மற்றப் பூர்வகுடிகளுக்கும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழியினரான மேட்டிஸ் மக்களுக்கும் விரிந்தது. சுமார் 1,50,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இறுதி அறிக்கை தந்ததும் அதே ஆண்டில்தான். முடி வெட்டப்பட்டு, சீருடையில் வரிசையாக நிற்கும் அந்தப் பிள்ளைகளின் படங்களிலும் பெயரில்லாத முகங்கள் ஏராளம்.

இந்தப் பெயர் தேடலை நல்லிணக்கம் என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். எண் கொடுத்த அரசு, அறுபது ஆண்டு கழித்துப் பெயர் கேட்டு வந்தது என்பதே நேரான கணக்கு. ஹாரிங்டனின் மூலப்படங்கள் இன்னும் காப்பகத்தின் வசமே இருக்கின்றன. அவற்றை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அந்தக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். 1950இல் தாயின் முதுகில் இருந்த குழந்தைக்கே இன்று எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.