ரைஃபிள் சைலன்சர்

ரைஃபிள் சைலன்சர் என்பது துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டப்படும் உருளை வடிவக் கருவி. குண்டைத் தள்ளிவிட்டு அதன் பின்னாலேயே சீறி வரும் வெடிவாயுவை உள்ளே தேக்கி, விரியவிட்டு, வேகம் தணித்து வெளியேற்றுவது இதன் வேலை. சப்ரஸர், மாடரேட்டர் என்ற பெயர்களும் புழக்கத்தில் உண்டு. அமெரிக்கச் சட்டம் சைலன்சர் என்றே எழுதுகிறது. தனியார் கையில் இது பெருமளவில் இருக்கும் நாடு அமெரிக்கா. 2021 மே மாதக் கணக்கின்படி அங்கே பதிவான சைலன்சர்கள் 26 லட்சத்துக்கும் அதிகம். சினிமாவில் காட்டுவதுபோல் இது துப்பாக்கியை ஊமையாக்கிவிடாது. சுடுபவரின் காதைக் காக்கும் கருவி என்று கொள்வதே சரி. சுடுதளப் பயிற்சிக்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் முதன்முதலாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தப் பார்வையே வழிகாட்டும்.

தோற்றம்

இதை விற்பனைக்குரிய பொருளாக்கியவர் ஹைரம் பெர்சி மாக்சிம். 1869இல் புரூக்ளினில் பிறந்தார். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் இவருடைய தந்தை. தந்தை இங்கிலாந்தில் குடியேறி, சர் பட்டம் பெற்று, வெடிச்சத்தத்தோடே காலம் கழித்து, பிற்காலத்தில் செவித்திறனை இழந்தவர். மகன் அமெரிக்காவிலேயே வளர்ந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1886இல் படிப்பை முடித்தார். பின்னர் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில், சைக்கிளுக்குப் பெயர்பெற்ற போப் நிறுவனத்தின் மோட்டார் வண்டிப் பிரிவில் பொறியாளரானார்.

அந்த வேலைக்கும் சைலன்சருக்கும் நெருங்கிய உறவு உண்டு. மோட்டார் எஞ்சினின் புகைக்குழாய் இரைவதும் துப்பாக்கி வெடிப்பதும் ஒரே காரணத்தால்தான்: அழுத்தத்தில் அடைபட்டிருந்த சூடான வாயு சட்டென்று திறந்த வெளியில் பாய்கிறது. வாயுவைச் சுழலவிட்டுத் தாமதப்படுத்தினால் இரண்டையும் அடக்கலாம் என்று மாக்சிம் கண்டார். குளியல்தொட்டியில் நீர் சுழன்று வடிவதைப் பார்த்தபோது இந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். 1909 மார்ச் 30ஆம் நாள் 916,885 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உருளைக்குள் வளைந்த தகடுகள் வரிசையாக நிற்கும்; குண்டு நேராகப் போய்விடும், வாயு தகடுகளில் மோதிச் சுழன்று பின்தங்கும்.

அடுத்து வந்த 1910ஆம் ஆண்டு மாடலில் ஒரு நுட்பமான திருத்தம் செய்யப்பட்டது. குண்டு போகும் துளையை உருளையின் நடுவில் வைக்காமல் மேல்விளிம்பை ஒட்டி வைத்தார். உருளையின் பெரும்பகுதி குழலுக்குக் கீழே தொங்கியதால் ரைஃபிளின் குறிமுள் மறைபடவில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் ரைஃபிளில் மாட்டியவுடன் பழையபடியே குறிபார்க்க முடிந்தது. நூறாண்டு கழித்தும் வாங்குபவர் கேட்பது இந்த வசதியைத்தான்.

ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய மாக்சிம் நிறுவனம் சைலன்சர்களைத் தபாலிலும் கடைகளிலும் விற்றது. பதிவு, அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. சிறிய ரைஃபிளுக்கான மாடலைச் சில டாலர்களில் வாங்கலாம். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் வீட்டுக் கொல்லையில் சுட்டுப் பழகலாம் என்பதே விளம்பரத்தின் சாரம். முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டிடம் மாக்சிம் சைலன்சர் மாட்டிய 1894 மாடல் வின்செஸ்டர் ரைஃபிள் இருந்தது. அமெரிக்க ராணுவமும் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் பொருத்திச் சோதித்துப் பார்த்தது. மாக்சிமின் ஆர்வம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. 1914இல் அமெச்சூர் வானொலிக்காரர்களின் அமெரிக்க ரேடியோ ரிலே லீகை நிறுவியவர்களில் முதன்மையானவர் அவரே. இன்று உலகெங்கும் அவர் பெயர் நிலைத்திருப்பது பெரும்பாலும் அந்த வட்டத்தில்தான். நிறுவனமும் பின்னாளில் எஞ்சின்களுக்கும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் இரைச்சலடக்கிகள் செய்யும் பக்கம் திரும்பிவிட்டது. மாக்சிம் 1936இல் காலமானார்.

அதற்கு இரண்டாண்டு முன்பே அவருடைய கருவியைச் சட்டம் முடக்கியிருந்தது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல் கொலைகளுக்குப் பின் 1934 ஜூன் 26 அன்று கையெழுத்தான தேசியத் துப்பாக்கிச் சட்டம், இயந்திரத் துப்பாக்கி, குழல் நறுக்கிய துப்பாக்கி ஆகியவற்றோடு சைலன்சரையும் ஒரே பட்டியலில் அடைத்தது. கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி. பொருளின் விலையைப்போல் பல மடங்கு அது. சட்டத்துக்கு முந்தைய விசாரணைகளில் சைலன்சர் பற்றிப் பேச்சே அபூர்வம். காதுக்கு நன்மை செய்யும் ஒரு கருவி, ஆராயப்படாமலே கொலைக்கருவிகளின் வரிசையில் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் வளர்ச்சி ராணுவத்தின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வெல்ராட் கைத்துப்பாக்கியையும், குழலையே சைலன்சர் சூழ்ந்திருக்கும் டி லைல் கார்பைனையும் செய்தது. 1960இல் சோவியத் வானில் வீழ்த்தப்பட்ட யூ-2 உளவு விமானத்தின் விமானி கேரி பவர்ஸிடமிருந்து கைப்பற்றிய பொருள்களில் சைலன்சர் பொருத்திய ஹை ஸ்டாண்டர்டு கைத்துப்பாக்கியும் ஒன்று. வியட்நாம் போர்க்காலத்தில் எம்16 ரைஃபிளுக்கென்று தனிச் சைலன்சர்கள் உருவாயின. ஜார்ஜியா மாநிலத்தில் மிட்செல் வெர்பெல் நடத்திய சயானிக்ஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் அறியப்பட்ட பெயர். பின்லாந்தும் நார்வேயும் வேறு பாதையில் சென்றன. வேட்டைக்காரர் சைலன்சர் இல்லாமல் காட்டுக்குப் போவதுதான் அங்கே அண்டை அயலாருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

செயல்பாடு

துப்பாக்கிச் சத்தம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. குழல்முனையில் வாயு பாயும் வெடிச்சத்தம் முதலாவது. சைலன்சர் அடக்குவது இதை மட்டுமே. குண்டு ஒலியை முந்திச் செல்லும்போது காற்றில் எழும் சாட்டையடி போன்ற ஒலி இரண்டாவது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், 5.56 மி.மீ. குண்டு 900 மீட்டரைத் தாண்டிப் பறப்பதால் எந்தச் சைலன்சராலும் இந்த ஒலியைத் தடுக்க முடியாது. தோட்டாவை ஏற்றி அடைக்கும் போல்ட் முன்னும் பின்னும் ஓடும் உலோகச் சத்தம் மூன்றாவது.

5.56 ரைஃபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபெலுக்கு மேல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் 130க்கும் 140க்கும் இடைப்பட்ட அளவு. வெடியோசைக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் வகுத்துள்ள உச்சவரம்பு 140. மிஞ்சும் சத்தம் அந்த வரம்பை ஒட்டியே நிற்பதால், சைலன்சர் மாட்டியிருந்தாலும் சுடுதளத்தில் காதுக்காப்பு அணிந்தே தீர வேண்டும். சைலன்சர் இருக்கிறதே என்று காதைத் திறந்து வைப்பவர் மெல்ல மெல்லச் செவியை இழப்பார்.

உள்ளமைப்பில் இன்று இரண்டு குலங்கள் உண்டு. கூம்பு வடிவத் தடுப்புகளை அடுக்கிய பழைய முறை ஒன்று. சத்தத்தை நன்றாக அடக்கும், ஆனால் வாயுவைத் துப்பாக்கிக்குள்ளேயே திருப்பித் தள்ளும். வாயுவை முன்பக்கமாகவே வழிந்தோடவிடும் புதிய முறை மற்றது. யூட்டா மாநிலத்து ஹக்ஸ்வொர்க்ஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. உலோகம் மூன்று வகை. துருப்பிடிக்காத எஃகு கனமானது, விலை குறைவு. டைட்டானியம் இலேசானது, விரைந்து தொடர்ந்து சுட்டால் சூட்டில் வலுவிழந்து பொறி சிதறும். இன்கோனெல் சூட்டைத் தாங்கும், விலை கூடும்.

முதல் சைலன்சரைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் டெசிபெல் எண்ணைத்தான் முதலில் தேடுகிறார். கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான குழல் நீளத்திலும் தோட்டாவிலும் அளக்கிறது. இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

முதலில் காலிபர், அதாவது குண்டின் விட்டம். 0.30 அங்குலக் குண்டுக்கான சைலன்சரை 5.56 ரைஃபிளிலும் மாட்டலாம். சத்தம் சற்றே கூடும், அவ்வளவுதான். ஒன்றை வாங்கிப் பல ரைஃபிளுக்குப் பயன்படுத்த நினைப்பவருக்கு அதுவே ஏற்றது. மாறாகச் செய்தால், அதாவது 5.56 சைலன்சர் வழியாக 0.30 குண்டைச் சுட்டால், கருவி கிழிந்து சிதறும், உயிராபத்தும் உண்டு. எந்தக் குழல் நீளம்வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் தரும் வரம்பையும் வாங்கும்முன் படித்துவிட வேண்டும். குழல் குட்டையாகக் குட்டையாக முனையில் வாயு அழுத்தம் ஏறும்.

அடுத்தது வாயு. ஏஆர்-15 வகை ரைஃபிளில் தடுப்படுக்குச் சைலன்சரை மாட்டி ஒரு மேகசின் சுட்டுப் பார்த்தால் விளங்கும். பின்பக்க இழுகைப்பிடியின் இடுக்கிலிருந்து புகை கண்ணுக்குள் பாய்ந்து நீர் வழியும், மூக்கில் அம்மோனியா நெடி ஏறும், வெறுந்தோட்டா எகிறிப்போய்த் தூரத்தில் விழும், உள்ளே கரி திட்டுத்திட்டாக அப்பியிருக்கும். சுடுதளத்தில் மணிக்கணக்காகச் சுடுபவருக்கு இது பெரிய தொல்லை. முன்வழி ஓட்டச் சைலன்சரோ, வாயுவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புள்ள ரைஃபிளோ இதைத் தீர்க்கும். போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைஃபிளில் இந்தச் சிக்கலே இல்லை.

மாட்டும் முறையும் முக்கியம். 5.56 குழலில் பொதுவான மரை அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 28 சுற்றும் கொண்டது, 0.30 குழலில் 5/8 அங்குலம், 24 சுற்று. நேராக முறுக்கி மாட்டுவது இலேசு, மலிவு. ஆனால் சூடேறச் சூடேறத் தளரும், அடிக்கடி கையுறையோடு தொட்டு இறுக்க வேண்டும். விரைமாட்டிகள் உறுதியானவை. பின்மூடியில் 1.375 அங்குல, 24 சுற்று மரை உள்ள சைலன்சரை வாங்கினால் பல நிறுவன மாட்டிகளைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். முதல் குண்டைச் சுடுமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. தோட்டா எதுவும் இல்லாத ரைஃபிளின் குழலுக்குள் நேர்பார்க்கும் எஃகுக் கம்பியை விட்டு, சைலன்சரின் வாயில் அது நட்ட நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் குண்டு உள்தடுப்பில் உரசும். முதல் வெடியிலேயே கருவி பாழாகும்.

வீட்டுப் பாதுகாப்பு என்று வரும்போது கணக்கு மாறுகிறது. நான்கு சுவருக்குள் காதுக்காப்பு இல்லாமல் ரைஃபிள் வெடித்தால் செவிக்கு நிரந்தரச் சேதம் நேரலாம், இருட்டில் தீப்பிழம்பு கண்ணைக் கூசவைக்கும். இரண்டையும் சைலன்சர் குறைக்கிறது. உள்ளே தங்கிய காற்றால் முதல் வெடி மற்றவற்றைவிடச் சற்று உரக்கக் கேட்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 16 அங்குலக் குழலோடு இன்னொரு 6 அங்குலம் சேர்ந்தால் வாசற்படியில் திரும்புவதே கடினம். 16 அங்குலத்தைவிடக் குட்டையான குழலுக்குத் தனிப் பதிவு வேண்டும். எனவே நீண்டு அமைதியான சைலன்சரைவிட, குட்டையும் உறுதியுமான எஃகோ இன்கோனெலோ முதல் தேர்வுக்குத் தகும். ஒலியைவிட மெதுவாகச் செல்லும், சுமார் 14 கிராம் எடையுள்ள குண்டுகளைச் சுடும் .300 பிளாக்அவுட் ரைஃபிளில்தான் சைலன்சரின் முழுப் பயன் தெரியும். குண்டு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போவதைச் சைலன்சர் தடுக்காது. குழந்தைகள் உள்ள வீட்டில் ரைஃபிள் பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

இன்றைய நிலை

அமெரிக்க மரைன் படை 2020 முதல் காலாட்படைப் பிரிவுகளுக்குச் சைலன்சர் வழங்கிவருகிறது. 2019இல் வர்ஜீனியா பீச்சில் 12 பேர் கொல்லப்பட்டபோது கொலையாளியின் கைத்துப்பாக்கியில் சைலன்சர் இருந்ததால் தடைக்கோரிக்கை எழுந்து ஓய்ந்தது. கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் உள்ளிட்ட 8 மாநிலங்கள் தனியாருக்கு இதை அனுமதிப்பதில்லை. மற்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக, கைரேகையும் புகைப்படமும் இணைத்து, படிவம் 4இல் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாயிற்று; பதிவுக் கட்டாயம் தொடர்கிறது.