ஐந்தாண்டுத் திட்டமும் பத்தாண்டுப் புழுவும்: புதுச்சேரி – மரக்காணம் கரையோரத்தில் கொசுவழி நோய் ஆய்வுக் கூட்டுழைப்பின் வரலாறு

எல்லையும் நீரும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள இரும்பை, திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயிலாலும் கடுவெளிச் சித்தர் பற்றிய கதையாலும் அறியப்பட்ட ஊர். அதன் கிழக்கே, சிறு தொலைவில் வங்கக்கடல் உள்ளது. அக்கரையோரமாகப் புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே மரக்காணம் உப்பளங்கள் வரை செல்பவர், நிலமும் தொழிலும் பெரிதும் ஒத்த ஊர்களையே கடந்து செல்கிறார்; ஆட்சி மட்டும் மாறி மாறி வருகிறது. கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிகுளம் ஆகியவை புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. அதற்கப்பால் கூனிமேடு தொடங்கி மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சு, ஆங்கில ஆட்சிகள் விட்டுச்சென்ற இந்த எல்லைக்கோடுகள் 1954இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த பின்னும் அழியவில்லை.

கொசுவுக்கு இக்கோடுகள் பொருட்டல்ல. அது வளரும் நீரும் ஒரே துறையின் பொறுப்பில் இல்லை. சாக்கடை நகராட்சிக்கும் பொதுப்பணித்துறைக்கும் உரியது. கிணறு வீட்டாருக்கு உரியது. கடலோரக் கழி மீனவர் புழங்கும் இடம். நோயாளி மட்டுமே நலவாழ்வுத் துறைக்கு உரியவர். ஆகவே இக்கரையில் கொசுவழி நோயைப் பற்றிய ஆய்வு, தொடக்கத்திலிருந்தே பல துறைகளைச் சேர்த்து வைக்கும் முயற்சியாகவும் அமைய நேர்ந்தது. அம்முயற்சி எதனால் வென்றது என்பதைவிட, எவ்வளவு காலம் நின்றது என்பதே அதன் வரலாற்றில் முதன்மையான வினாவாகும்.

பாசியும் காகிதமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. அதன் முதல் இயக்குநர் பி. கே. ராஜகோபாலன், கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டு நோய் பற்றிய ஆய்வில் பயிற்சி பெற்றவர். காட்டிலே குரங்கு, உண்ணி, மனிதர் மூவரையும் ஒருங்கே நோக்கிப் பழகிய கண்ணுக்கு, கொசுவை மருந்து தெளித்துக் கொல்லவேண்டிய பூச்சியாக மட்டும் பார்ப்பது போதாதிருந்தது என்று கருத இடமுண்டு.

அக்காலத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசுக்களின் வரிசையில் அனாபிலிஸ் சப்பிக்டஸ் பெரிதாக எண்ணப்படவில்லை. உள்நாட்டில் அது மிகுதியாகக் காணப்பட்டாலும் நோய்பரப்பியாகக் கருதப்படாமலே இருந்தது. தென்கிழக்குக் கரையோரச் சிற்றூர்களில் அதுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை கே. என். பணிக்கரும் அவர்தம் குழுவினரும் 1981இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இக்கொசு உவர்ப்புக் கலந்த நீரிலும் வளரவல்லது. கடலோரக் கழிகளில் படர்ந்த இழைப்பாசி அதன் புழுக்களுக்கு மறைவிடமாயிற்று. பாசிக்குள் மீன் புக முடியாது. தெளிக்கும் மருந்தும் சீராகச் சென்று சேராது.

பாசியை அகற்றுவதே வழி என்பது எளிதில் புலப்பட்டது. அகற்றுபவர் யார் என்பதே சிக்கல். ஒருமுறை அள்ளினால் மீண்டும் படரும் பாசியை, கூலி கொடுத்து ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டிருக்க எந்தத் துறையும் முன்வராது. அள்ளிய பாசியைக் காகிதமாக்கும் முறையை மையத்தினர் ஊராரிடையே அறிமுகப்படுத்தினர். நோய்த்தடுப்புக்காக வேண்டப்பட்ட வேலை, வருவாய்க்குரிய மூலப்பொருளைச் சேர்க்கும் வேலையாக மாறியது. ஊரார் கொசுவியலைக் கற்றதால் அன்று, பாசிக்கு ஒரு பயன் கிடைத்ததால் அதனை அள்ளினர். இந்த வேறுபாடு சிறிதன்று. பின்வந்த திட்டங்களுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

நகரத்தில் ஐந்தாண்டு: 1981–1985

புதுச்சேரி நகரின் இடர் வேறானது. அங்கே யானைக்கால் நோயை உண்டாக்கும் வூச்சரேரியா பாங்கிராப்டி என்னும் புழுவை, கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ் கொசு பரப்பிவந்தது. 1981 முதல் 1985 வரை நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது. சாக்கடைகள் தூர்வாரப்பட்டன; தேவையற்ற பள்ளங்கள் நிரப்பப்பட்டன; நீர்நிலைகளில் கொசுப்புழு தின்னும் மீன்கள் விடப்பட்டன. கிணறுகளிலும் மூடிய கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாலிஸ்டைரீன் மணிகள் மிதக்கவிடப்பட்டன. நீர்ப்பரப்பை மூடிக்கொள்ளும் அம்மணிகள், மூச்சுவிட மேலே வரும் புழுக்களைத் தடுத்து அழிக்கும். நஞ்சு எதுவுமில்லை, நீர் வற்றாத வரை மணிகள் நெடுநாள் நிற்கும்.

திட்டக் காலத்தில் கொசுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆயின் ஐந்தாண்டு முடிந்ததும் தீவிரப் பணி நின்றது, கொசுவும் மீண்டது. அவ்வாறு மீண்டதன் விளைவை ஆராய்ந்த பி. கே. தாஸ் முதலியோரின் கட்டுரை 1992இல் வெளியாயிற்று. தங்கள் வெற்றி கலைவதையும் அளந்து வெளியிட்ட ஆய்வாளர்களின் நேர்மை இங்குக் குறிப்பிடத்தக்கது. திட்டம் முடிந்தவுடன் அறிக்கை எழுதி மூடிவிடும் வழக்கம் அன்றும் இன்றும் பரவலாக உள்ளது.

இத்தரவுகளுக்கு இரண்டாம் வாழ்வு ஒன்று கிடைத்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தாரும் புதுச்சேரி மையத்தாரும் இணைந்து, ‘லிம்பாசிம்’ என்னும் கணினி மாதிரியைப் புதுச்சேரியின் 5,071 பேருடைய குருதிப் பரிசோதனை முடிவுகளோடு பொருத்திப் பார்த்தனர். 2004இல் வெளியான அவ்வாய்வு (சுப்பிரமணியன் முதலியோர்), மனித உடலில் இப்புழுவின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 10 ஆண்டுகள் என மதிப்பிட்டது. திட்டமோ ஐந்தாண்டு. கொசு மீண்டபோது, அது எடுத்துப் பரப்புவதற்குரிய நுண்புழுக்களை ஈனும் தாய்ப்புழுக்கள் பலருடைய உடலில் எஞ்சியிருந்தன என்பது இதிலிருந்து பெறப்படும்.

எனினும் ஐந்தாண்டு உழைப்பு வீணாகிவிட்டது என்று முடிவுகட்டுவது பிழை. திட்டம் நின்று 3 ஆண்டுகளுக்குப் பின்னும் 6 ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்த கணக்குகள், நுண்புழு உடையோர் விகிதம் மேலும் குறைந்துவந்ததையே காட்டின. கொசு மீண்டுவிட்டது, நோய் உடனே மீளவில்லை. அந்த இடைவெளி, கூட்டுழைப்பைத் தொடர்ந்திருந்தால் பயன்பட்டிருக்கக்கூடிய காலமாகும்.

சேர்த்தலையின் குளங்கள்

பாசியில் கற்ற பாடம் 1986 முதல் கேரளத்தின் சேர்த்தலையில் பெரிய அளவில் செயற்பட்டது. அங்கு நோய்க்குக் காரணம் புருசியா மலாயி. பரப்புவது மான்சோனியா கொசு. இதன் புழு மேலே வந்து மூச்சுவிடுவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் குழலைச் செருகி அங்கிருந்தே காற்றைப் பெறும். எனவே புதுச்சேரியின் மிதக்கும் மணிகளால் இங்குப் பயனில்லை. செடியை அகற்றவேண்டும். ஆனால் தென்னைக்கு எருவாகும் என்பதற்காகவே வீட்டார் அச்செடியைக் குளத்தில் விட்டுவைத்திருந்தனர்.

ஆய்வாளர்கள் எருவுக்கு ஈடாக மீனை முன்வைத்தனர். செடியை நீக்கிய குளத்தில் மீன் வளர்த்தால் வருவாய் உண்டு. புல் தின்னும் கெண்டை, செடி மீண்டும் படராமலும் காக்கும். மீன்வளர்ப்புக்கு வங்கிக் கடன், பள்ளிகளில் மாணவர் மன்றங்கள், வானொலி நிகழ்ச்சிகள், மருத்துவ முகாம்கள் எனப் பல அமைப்புகள் இதில் இணைந்தன. ‘பில்கோ’ என்ற சுருக்கப்பெயரால் அவ்வியக்கம் அறியப்பட்டது. யானைக்கால் நோய்த் தடுப்பில் வங்கி மேலாளருக்கும் ஓர் இடமுண்டு என்பதை இந்தியாவில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய முயற்சி வேறொன்றைச் சுட்டுவது கடினம்.

உப்பு வழியே மருந்து

உப்பளக் கரையின் வரலாற்றில் உப்பே மருந்தாக முன்மொழியப்பட்ட நிகழ்வைக் கடந்துசெல்ல முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாபிரகடா சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் 1940களில் கண்டறிந்த டை எத்தில் கார்பமசைன், நுண்புழுக்களை அழிக்கும் மருந்து. அதனைச் சமையல் உப்பில் சிற்றளவு கலந்து மக்கள் அனைவர்க்கும் அளிக்கும் முறை, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் 1980களில் நடைமுறைப்படுத்தப்பட்டது. நரசிம்மம் முதலியோர் அதன் நற்பயனை 1989இல் பதிவுசெய்தனர். சீனாவில் இம்முறை மிகப் பரவலாகக் கையாளப்பட்டது; யானைக்கால் நோயை ஒழித்ததாக 2007இல் அந்நாடு அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் மருந்துப்பு நாடு தழுவிய திட்டமாகவில்லை. உப்பு விளைவிப்போர், வணிகர், கடைக்காரர், உணவுப்பொருள் ஆய்வாளர் ஆகிய அனைவரையும் ஒரு நலவாழ்வுத் திட்டத்துக்குள் நெடுங்காலம் கட்டிவைக்க வேண்டியிருந்ததே அதன் கடினம் எனலாம். ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வழங்குவதை ஒரு துறையே செய்துவிட முடியும். விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் 1990களில் புதுச்சேரி மையம் நடத்திய ஆய்வு, இந்த ஒற்றைவேளை மருந்தையும் ஐவர்மெக்டினையும் ஒப்பிட்டது. ஆறு சுற்றுகளில் நோய்ப்பரவல் பெருமளவு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. 2004 முதல் நாடெங்கும் மாத்திரை வழங்கும் திட்டம் தொடங்கியது. வடிகால், குளம், பாசி ஆகியவை அதன் மையத்திலிருந்து விலகின.

கடலுக்கு அப்பால் இலங்கை வேறு வழியில் சென்றது. அங்கு 1947இல் அமைக்கப்பட்ட யானைக்கால் எதிர்ப்பு இயக்கம் திட்டக்கால வரம்பு எதுவுமின்றி நிலையான அரசு அமைப்பாகத் தொடர்ந்தது. கொசுப்புழுக் கட்டுப்பாடு, இரவுநேரக் குருதிப் பரிசோதனை, மருந்து வழங்கல் ஆகியவற்றை அதுவே கவனித்துவந்தது. 2016இல் உலக நலவாழ்வு நிறுவனம் இலங்கையில் யானைக்கால் நோய் பொது நலவாழ்வுச் சிக்கலாக இல்லை என உறுதிசெய்தது. இந்தியா தனக்கு வகுத்துக்கொண்டுள்ள இலக்கு ஆண்டு 2027.