கரக் சிங்கின் தூக்கம்

நடுராத்திரி. ஊர் அடங்கிவிட்டது. தட், தட், தட்.

வாசலில் ஊர்த் தலையாரி. சில நாள் கூடவே போலீஸ் கான்ஸ்டபிளும். ஆள் வீட்டில்தான் இருக்கிறானா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். தூங்குகிறவன் எழுந்து வந்து முகத்தைக் காட்டவேண்டும். சில ராத்திரி அதுவும் போதாது. கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்து 'ஆஜர்' சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். சரி, நாளைக்கும் வருவார்களா? தெரியாது. அங்கேதான் இருக்கிறது விஷயமே. எந்த ராத்திரி வருவார்கள் என்று தெரிந்தால் மற்ற ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கலாம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான் குடியிருந்த காலத்தில், ஒரு குடியரசு தினத்துக்கு முந்தின ராத்திரி இப்படித் தட்டினார்கள். வழக்கமான சோதனை. பேர், ஊர், வேலை. இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோச்சு. ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு, மாடிப்படியில் யார் ஏறினாலும் எனக்கு முழிப்பு வந்துவிடும். ஒரே ஒரு ராத்திரிக்கே இந்த கதி.

கரக் சிங்குக்கு அது வருஷக்கணக்கில்.

உத்தரப் பிரதேசத்துக் கிராமத்து ஆசாமி. 1941ல் ஒரு கொள்ளை கேஸில் போலீஸ் அவரைப் பிடித்தது. சாட்சியம் ஒன்றும் தேறவில்லை. விட்டுவிட்டார்கள். தண்டனை கிடையாது. அவ்வளவுதான் கதை. ஆனால் அவர் பேரில் ஒரு 'ஹிஸ்டரி ஷீட்' திறந்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய், சுதந்திரம் வந்து, அரசியல் சட்டம் எழுதி, தேர்தலெல்லாம் நடத்தி... ம்ஹூம். அந்த ஷீட்டை மட்டும் யாரும் மூடவில்லை.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதை ஒரு லெட்ஜராகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு பக்கம் மட்டுமே உள்ள லெட்ஜர். பற்று எழுதலாம், வரவு எழுத இடமே கிடையாது. இருபது வருஷம் ஒழுங்காக இருந்தானா? கணக்கு நேராகிவிடாது. பயல் ரொம்ப ஜாக்கிரதையானவன் என்றுதான் அர்த்தம்.

அந்த லெட்ஜரை எப்படி நிரப்பவேண்டும் என்று உ.பி. போலீஸின் விதிமுறைப் புத்தகம் வரிசையாகச் சொல்லியிருந்தது. 236வது விதி. வீட்டையும் வீட்டுக்குப் போகிற வழியையும் ரகசியமாகக் காவல் காக்கலாம். ராத்திரியில் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். யாரோடு பழகுகிறான், என்ன வருமானம், என்ன செலவு, ஊரில் என்ன பேர் என்று அவ்வப்போது விசாரிக்கலாம். அதற்கு சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரி வேண்டும். வெளியூர் போனால் தலையாரி தகவல் கொடுக்கவேண்டும். சீட்டு அனுப்பி, ஆள் நிஜமாகவே அங்கே போய்ச் சேர்ந்தானா என்று சரிபார்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றவேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லை. செல்போன் இல்லை. கேமரா இல்லை. ஒரு தலையாரி, ஒரு தடி, ஒரு துண்டுச் சீட்டு. வேலை கச்சிதமாக நடந்தது.

கரக் சிங் செய்த காரியம்தான் ஆச்சரியம். நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அடிப்படை உரிமை பறிபோனால் ஒவ்வொரு கோர்ட்டாகப் படியேற வேண்டியதில்லை, நேராக இங்கேயே வரலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 32வது பிரிவு.

ஆறு நீதிபதிகள் கேட்டார்கள். 1962 டிசம்பர் 18ம் தேதி தீர்ப்பு. இதில் சென்னைக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என்.ராஜகோபால அய்யங்கார். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் கே.சுப்பா ராவ். இரண்டு பேருமே மெட்ராஸ் ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்கள். (பேடன்ட் சட்டம் பற்றி 1959ல் அய்யங்கார் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் 1970ல் புதுச் சட்டம் வந்தது. இந்தியாவில் மருந்து விலை மலிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது தனிக் கதை.)

அய்யங்கார் என்ன சொன்னார்? ராத்திரியில் வீடேறி வருவது தப்பு. மனிதனை வெறும் பிராணியாக வைத்துப் பார்த்தாலும்கூட அவனுக்குத் தூக்கம் வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து அதைக் கெடுப்பது, 21வது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் கைவைப்பது. அதைச் செய்ய முறையான சட்டம் வேண்டும். இந்த விதிமுறையோ சட்டசபை போட்டதல்ல, நிர்வாகம் தன் சௌகரியத்துக்கு எழுதிக்கொண்டது. ஆகவே செல்லாது.

கரக் சிங் ஜெயித்துவிட்டார். இனி தூங்கலாம்.

ஆனால் பாருங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றது அதே தீர்ப்பு. வீட்டைச் சுற்றி ரகசியக் காவலா? அவர் நடமாட்டத்தை யாரும் தடுக்கவில்லையே. எங்கே போகிறார், வருகிறார் என்று குறித்துவைப்பதா? அது அந்தரங்கத்தில் நுழைவதாகவே இருக்கட்டும். அந்தரங்கத்துக்கான உரிமை என்று ஒன்றை நம் அரசியல் சட்டம் தரவில்லையே.

ஆக, தட்டாதே. பார்த்துக்கொண்டே இரு.

சுப்பா ராவுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. நீதிபதி ஷாவும் அவர் பக்கம். அந்தரங்கம் என்ற வார்த்தை எழுதப்படவில்லைதான், ஆனால் சுதந்திரம் என்ற வார்த்தைக்குள்ளேயே அது இருக்கிறது என்றார். முதுகில் போலீஸ் பார்வை குத்திக்கொண்டே இருக்கும்போது ஒருவன் நடக்கத்தான் செய்வான். சாவி கொடுத்த பொம்மையும்தான் நடக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு தேசம் முழுவதுமே ஜெயில். 236வது விதி மொத்தமும் செல்லாது.

நாலுக்கு ரெண்டு. தோற்றார். 1966ல் தலைமை நீதிபதியானார். 1967ல் பதவியை விட்டு எதிர்க்கட்சிகள் சார்பில் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். ஜாகிர் உசேனிடம் அதிலும் தோற்றார்.

அப்புறம் கோர்ட்டுகளின் மனசு மெல்ல மாறியது. அதில் ஒரு முக்கியமான கேஸ் நம்மூரிலிருந்து போனது. ஆட்டோ சங்கர் தூக்குத் தண்டனையை எதிர்பார்த்து ஜெயிலில் இருந்துகொண்டு சுயசரிதை எழுதினார். எந்தெந்த அதிகாரிகள் தன்னோடு ஒட்டி உறவாடினார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நக்கீரன் பத்திரிகை அதை வெளியிடத் தயாரானது. அவ்வளவுதான், சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து 'போடாதே' என்று கடிதம். 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இரண்டு விஷயம் சொன்னது. என்னைத் தனியாக விடு என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஆனால் அந்தப் போர்வைக்குள் அதிகாரிகள் தங்கள் உத்தியோகக் காரியங்களை ஒளித்துக்கொள்ள முடியாது. பத்திரிகைக்கு முன்கூட்டியே தடையும் போட முடியாது. யாருக்குத் திரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லவே முடியாது என்பது என் கட்சி.

1996ல் டெலிபோன் ஒட்டுக்கேட்புக்குக் கடிவாளம் போட்டார்கள். கடிவாளத்தைப் பிடிப்பவர்களும் அரசாங்கச் செயலாளர்கள்தான், நீதிபதி யாரும் இல்லை. அந்தத் தீர்ப்பும் டிசம்பர் 18ம் தேதி. தற்செயல்தான்.

இதிலெல்லாம் ஒரு சிக்கல். இவை இரண்டு பேர், மூன்று பேர் உட்கார்ந்து சொன்ன தீர்ப்புகள். கரக் சிங் தீர்ப்போ ஆறு பேர் சொன்னது. அதற்கும் முன்னால் 1954ல் எட்டுப் பேர் சொன்ன தீர்ப்பு ஒன்று வேறு. சின்ன பெஞ்ச் பெரிய பெஞ்சை மீறக்கூடாது. இந்த ஓட்டையை மறக்காமல் ஞாபகம் வைத்திருந்தது யார் தெரியுமா? மத்திய அரசு.

ஆதாரை எதிர்த்து கே.எஸ்.புட்டசாமி என்ற ரிட்டையர்டு கர்நாடக ஹைகோர்ட் நீதிபதி 2012ல் வழக்குப் போட்டார். எண்பதைத் தாண்டிய வயசு. 2015ல் அரசின் அட்டர்னி ஜெனரல் எழுந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடினார். ஆதாரம்? 1954 தீர்ப்பு. அப்புறம், கரக் சிங் வழக்கு. ராத்திரித் தூக்கத்துக்காக ஒரு கிராமத்து மனிதர் போராடி ஜெயித்த வழக்கு, அத்தனை பேருக்கும் எதிராகத் திரும்பி நின்றது.

ஒன்பது நீதிபதிகளைக் கூட்ட வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24. ஒன்பது பேரும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள். 1962ல் சுப்பா ராவ் சொன்னதுதான் சரி. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. புட்டசாமி இருந்தார். 2024ல், 98 வயதில் காலமானார்.

உரிமை வந்தாச்சு. ஆனால் கரக் சிங்கிடம் இருந்த ஒரு வசதி இன்றைக்கு நம்மிடம் இல்லை. அவர் காதில் தட்டும் சத்தம் கேட்டது. யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்தது. பெகாசஸ் விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் கமிட்டி போட்டு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ வேவு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று கமிட்டி சொன்னதாக 2022 ஆகஸ்டில் கோர்ட்டே சொன்னது. 2023ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும், தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களைக் காட்டித் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள அரசுக்கு வழி இருக்கிறது.

கடைசியாக ஒரு கேஸ். போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஒரு வெளிநாட்டவருக்கு 2022ல் டெல்லி ஹைகோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஒரு நிபந்தனை: தான் எங்கே இருக்கிறோம் என்று விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் 'பின்' போட்டு வைக்கவேண்டும். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அந்தப் பின் எப்படித்தான் வேலை செய்கிறது என்று கூகுளிடமே பிரமாணப் பத்திரம் வாங்கிப் பார்த்தார்கள். அதை வைத்து ஒருவரை நிமிஷத்துக்கு நிமிஷம் பின்தொடர முடியாது என்று தெரிந்தது. இருந்தாலும் நீதிபதிகள் விடவில்லை. ஜாமீனில் போனவனின் ஒவ்வொரு அசைவையும் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க வழிசெய்யும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று 2024 ஜூலையில் அதை ரத்து செய்தார்கள். கரக் சிங் ஊரைவிட்டுக் கிளம்பினால் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று தலையாரியிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டியிருந்தது. 1962 தீர்ப்பு அதில் கைவைக்கவில்லை.