மருந்துக்கு அடங்காத குளிர்காய்ச்சல்

நேயர்களே, குளிர்காய்ச்சல் என்றால் நம் தோட்டத்து முதியவர்களுக்கு அது மலேரியாதான். அதற்கு மருந்து கண்டுபிடித்த கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கண்ட மருந்து கைவிட்ட கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அக்கதையில் மலாயாவுக்கு ஒரு தனி இடம் உண்டு.

தஞ்சோங் ரம்புத்தானில் நின்று கிழக்கே பார்த்தால் கிந்தா ஆறு இறங்கிவரும் மலைத்தொடர் தெரியும். இத்தகைய மலையடிகளில் காடு நிழல் தந்தவரை ஓடைகளால் பெருந்தொல்லை இல்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி ஓடையில் வெயில் பட்டதும், தெளிந்த நீரை நாடும் 'மாக்குலாட்டஸ்' என்னும் கொசு அங்கே பெருகியது. கப்பலேறி வந்து லயங்களில் குடியேறிய நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். மலைப்பகுதிக்கு அம்முறை போதவில்லை. ஓடையை மண்ணுக்கடியில் குழாய்களில் விடவேண்டியிருந்தது. நீரில் எண்ணெய் தெளிக்கவேண்டியிருந்தது. இவை செலவு பிடிக்கும் வேலைகள். காலைப் பிரட்டில் நிற்பவர் வாயில் கொய்னாவை ஊற்றுவதோ மலிவு!

சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுப்பதே கொய்னா. அப்பட்டையில் பெரும்பகுதி விளைந்த ஜாவா 1942-இல் ஜப்பானியர் வசமாயிற்று. நேச நாடுகள் செயற்கை மருந்துகளைத் தேடின. அதே ஆண்டுகளில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்து மக்களில் பல்லாயிரவர் மாண்டனர். காலராவோடு மலேரியாவும் அங்கே முன்நின்றது.

1945-இல் இங்கிலாந்தில் புரோகுவானில் என்னும் மருந்து வெளிவந்தது. 'பாலுட்ரின்' என்பது அதன் விற்பனைப் பெயர். விலை குறைவு, விழுங்குவதும் எளிது. போர் முடிந்ததும் மலாயாத் தோட்டங்களில் காய்ச்சல் வராமல் தடுக்க அதைப் பரவலாகக் கொடுத்தார்கள். ஐந்தாண்டுகள்கூட நிம்மதியாகக் கழியவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பீல்டும், அவருடன் எடிசன் என்பவரும், புரோகுவானிலுக்கு அடங்காத கொடிய பால்சிபாரம் மலேரியா மலாயாவில் இருப்பதை 1950-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

மருந்து பலிக்காதபோது, தொழிலாளி அதை ஒழுங்காக விழுங்கவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. விழுங்காதவரும் இருந்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. நோய்க்கிருமி பெருகுவதற்கு வேண்டிய ஒரு நொதியைப் புரோகுவானில் அடைத்துவிடும். கோடிக்கணக்கான கிருமிகளில் சிலவற்றில் அந்த நொதி தற்செயலாகச் சற்றே மாறி அமைந்திருக்கும். மருந்து அதில் பிடிப்பதில்லை. மருந்து குறைந்த அளவில் பலர் உடம்பில் நாள்தோறும் ஓடும்போது, சாதாரணக் கிருமிகள் மடிகின்றன; மாறியவை போட்டியின்றிப் பெருகுகின்றன. கொசு அவற்றை அடுத்த லயத்துக்குக் கொண்டுபோகிறது. மாத்திரையை நம்பிக் கால்வாய் வேலையைத் தள்ளிப்போட்ட நிர்வாகத்தை விட்டுவிட்டு, கசப்பைத் துப்பிய கூலியைக் குறைகூறுவது நியாயமில்லை என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்து வந்த குளோரோகுவின் பல ஆண்டுகள் நன்றாக வேலை செய்தது. 1960-ஐ ஒட்டித் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் தென் அமெரிக்காவின் கொலம்பியாவிலும் அதற்கு அடங்காத கிருமி தென்பட்டது. 1963-இல் மலாயாவிலும் பதிவாயிற்று. 1970-களின் இறுதியில் ஆப்பிரிக்காவை எட்டியபோது அங்கே குழந்தைகளே பெரும்பாலும் பலியானார்கள்.

நம் நாட்டில் 1967-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் மாத்திரையை மட்டும் நம்பவில்லை. வீடுவீடாக டி.டி.டி. தெளித்தார்கள், காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 1970-களில் சீனத்துத் தூ யூயூ குழுவினர் ஒரு மூலிகையிலிருந்து பிரித்த ஆர்ட்டிமிசினினைப் பின்னர் வேறு மருந்தோடு சேர்த்தே கொடுக்கலாயினர். ஒன்றுக்குத் தப்பிய கிருமியை மற்றது பிடிக்கும் என்பது கணக்கு. அதற்கும் தளர்ந்த அறிகுறி 2008-இல் மேற்குக் கம்போடியாவிலிருந்தும், 2020-இல் ருவாண்டாவிலிருந்தும் அறிவிக்கப்பட்டது.

மலேசியாவில் 2018 முதல் மனித மலேரியா உள்ளூரில் தொற்றியதாகப் பதிவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் நோலெசி மலேரியா காட்டோரங்களில் இன்னும் உயிர்களை வாங்குகிறது. காட்டுக் குரங்குக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை. ஆகவே அந்தக் கிருமி பழைய குளோரோகுவினுக்குக்கூட இன்னும் அடங்குகிறது.