நூல் நூற்ற கையும் நூல் எழுதிய கையும்

நூல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டென்று மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பஞ்சிலிருந்து திரிப்பதும் நூல். புலவர் யாப்பதும் நூல். நன்னூலின் பாயிரப் பகுதியில் வரும் வெண்பா ஒன்று, புலவனை நூற்கும் பெண்ணாகவும், சொல்லைப் பஞ்சாகவும், மதியைக் கதிராகவும் உருவகம் செய்கிறது. பல்லாண்டுகள் அவ்வெண்பாவை வகுப்பில் நடத்தியும் எனக்கு ஒரு வினா எழுந்ததில்லை. அங்கே பெண் உவமையாக மட்டுமே வருகிறாள். நூற்றவளே நூலும் எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? அத்தகைய நூல் ஒன்று அமெரிக்க நாட்டில் இருப்பதை அறிந்த பின்னரே அவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது.

அதனை எழுதியவர் மார்த்தா பாலர்ட் என்னும் மருத்துவச்சி. மாசசூசெட்ஸில் ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் 1735ஆம் ஆண்டு பிறந்தவர். கணவர் எப்ரேம் நில அளவையாளர். மர ஆலைகளையும் நடத்தியவர். ஒன்பது மக்களைப் பெற்ற மார்த்தா, 1769ஆம் ஆண்டுக் கோடையில் பரவிய டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய்க்கு மூன்று பெண்மக்களைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். பின்னர்க் குடும்பம் வடக்கே சென்று, கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலோவெல் என்னும் சிற்றூரில் குடியேறிற்று. இன்று அப்பகுதி மேய்ன் மாநிலத்தில் உள்ளது; 1820 வரை அது மாசசூசெட்ஸின் ஒரு பகுதியாகவே இருந்தது.

ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், 1785ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி, 1812ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வரை மார்த்தா நாட்குறிப்பு எழுதினார். தாள்களை மடித்துத் தம் கையாலேயே ஏடாகத் தைத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தோர் 9,965 நாள்களின் குறிப்புகள் அதில் உள்ளன என்பர். அவ்வாண்டுகளில் அவர் பார்த்த பேறுகள் 816. நம்மவருள் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பைப் பலரும் அறிவர். அதில் ஆளுநரும் படையும் வாணிகமும் பேசப்படுகின்றன. மார்த்தாவின் ஏட்டிலோ அன்றைய வானிலை முதலில் வருகிறது. அடுத்து யார் வீட்டுக்கு வந்தார், யார் வீட்டுக்குத் தாம் சென்றார், மகள் எத்தனை முழம் நெய்தாள், தாம் என்ன பின்னினார் என்பன வருகின்றன.

பனிக்காலம் என்றால் நம் மாணவர் மனத்தில் தோன்றுவது தொல்காப்பியம் கூறும் முன்பனியும் பின்பனியுந்தான். மேய்ன் நாட்டுக் குளிரை அச்சொற்களால் அளக்க இயலாது. நவம்பர் இறுதியிலோ திசம்பரிலோ கென்னபெக் ஆறு உறையத் தொடங்கும். ஏப்ரல் வாக்கிலேதான் உடையும். அதுவரை கடலிலிருந்து கப்பல் வாராது. மாவும் துணியும் சர்க்கரையும் ஏற்கெனவே வந்திறங்கியவை எவையோ அவைதாம். ஆனால் ஓர் ஆதாயமும் உண்டு. உறைந்த ஆறே சாலையாகிவிடும். கோடையில் படகு தேடி நின்றவர்கள் குளிர்காலத்தில் ஆற்றின்மேல் நடந்தும், சறுக்குவண்டியில் சென்றும் அக்கரை உறவினரைக் கண்டு வருவர். மார்த்தா பேறு பார்க்க அழைக்கப்பட்ட இரவுகளில் இவ்வாறு பனிக்கட்டியின்மேல் நடந்தவர்.

வயலில் வேலை இல்லாத இம்மாதங்களில் ஆண்களுக்கு மரம் வெட்டும் வேலை இருந்தது. பெண்களின் குளிர்காலத்தை இராட்டையும் தறியும் ஊசியும் நிரப்பின. அவ்வேலை எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். லினன் துணிக்குரிய ஆளிச்செடியை மே மாதத்தில் விதைத்து, களையெடுத்து, ஆகஸ்டில் வேரோடு பிடுங்குவர். பின் ஊறவைத்து, உலர்த்தி, தண்டை அடித்து நொறுக்கி, முள்சீப்பில் வாரி நாரைப் பிரிப்பர். நாரை அடித்துப் பிரிக்கும் கடுவேலை ஆண்களுடையது, நூற்பது பெண்களுடையது. ஆட்டு மயிருக்கும் இத்தகைய நீண்ட பயணம் உண்டு. ஆளிநாரை நூற்கச் சிறிய இராட்டை. உட்கார்ந்து காலால் மிதிப்பது. கம்பளி மயிரை நூற்கப் பெரிய இராட்டை; நின்றபடி முன்னும் பின்னும் நடந்து சுற்றுவது. நாள் முழுதும் கம்பளி நூற்றவள் வீட்டை விட்டு வெளியே செல்லாமலே பல மைல் நடந்தவளாவாள்.

தொடக்கத்தில் பாலர்ட் வீட்டில் நூற்ற நூலை அண்டை வீட்டார் நெய்து கொடுத்தனர். 1780களின் பிற்பகுதியில் அவர்கள் வீட்டுக்கே தறி வந்தது. மகள் ஹன்னாவும் டாலியும் நெசவு கற்றனர். அதன்பின் அவ்வீடு ஒரு சிறு தொழிற்கூடம்போல் இயங்கிற்று. ஒருத்தி பாவு ஓட்ட உதவுவாள். அதற்கு மாறாக இவ்வீட்டுப் பெண் அவள் வீட்டில் சில நாள் நூற்றுக் கொடுப்பாள். நூலுக்கு வெண்ணெய், நெசவுக்கு நாள்வேலை என்று கொடுக்கல் வாங்கல் நடந்தது. மார்த்தாவின் மருத்துவப் பணிக்குரிய கட்டணம் பெரும்பாலும் ஆறு ஷில்லிங். அதுவும் பலமுறை பணமாக வாராமல் பொருளாகவே வரும்.

பின்னல் வேலைக்கு இராட்டை, தறியைப் போல இடம் வேண்டியதில்லை. நான்கைந்து ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும். காலுறையும் கையுறையும் இல்லாமல் அந்நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. அவை விரைவில் தேய்ந்துபோகும். ஆகவே குதிகால் பகுதியை அவிழ்த்து மறுபடி பின்னுவதும் ஓயாத வேலை. அடுப்பருகே, நோயாளியின் கட்டிலருகே, பேறுவலி காணக் காத்திருக்கும் வீட்டில், எங்கும் கையோடு செல்லும் வேலை அது. ஓய்வு என்று நாம் சொல்லும் பொழுதையெல்லாம் அவர்கள் காலுறையாக மாற்றினர் எனலாம்.

குவில்ட் என்னும் மெத்தைப் போர்வையின் தன்மை வேறு. மேல்துணி, நடுவில் கம்பளித் திணிப்பு, அடித்துணி என மூவடுக்கையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூன்றையும் ஊடுருவுமாறு நெருக்கமாகத் தைக்கவேண்டும். பலநிறத் துண்டுகளை ஒட்டுப்போட்டதே குவில்ட் என்று இன்று எண்ணுகிறோம். அக்காலத்து நியூ இங்கிலாந்தில் பெரும்பாலும் மேல்துணி ஒரே நிறத் துணியாகவே இருந்தது. தையலின் ஓட்டமே அதற்கு அழகு. ஒருத்தி தனியே தைத்தால் பல நாள் பிடிக்கும். சட்டத்தைச் சுற்றிப் பலர் அமர்ந்தால் ஒரு பிற்பகலில் முடியும்.

1790ஆம் ஆண்டு நவம்பரில் மார்த்தாவின் பெண்கள் அவ்வாறு ஒரு போர்வையைத் தைத்தனர். அண்டை வீட்டுப் பெண்கள் பதினைவர் வந்தனர். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, மாலை ஏழு மணிக்குப் போர்வையைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டனர். அதன்பின் இளைஞர் பன்னிருவர் தேநீருக்கு வந்தனர்; உணவுக்குப் பின் சிறிது நேரம் நடனம். பதினொரு மணிக்குமுன் எல்லாரும் வீடு திரும்பினர் என்றும், ஒழுங்காக நடந்துகொண்டனர் என்றும் தாய் குறித்து வைத்திருக்கிறார். நேரத்தை இத்துணைக் கவனமாகக் குறித்த தாயின் உள்ளம் பெண்மக்களைப் பெற்றோர்க்கு நன்கு விளங்கும்.

ஹன்னாவுக்கு 1792ஆம் ஆண்டு அக்டோபரில் திருமணம் நடந்தது. மணம் முடிந்த கையோடு மகளை அனுப்பிவைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவள் தாய்வீட்டிலேயே இருந்தாள். குளிர்காலம் தொடங்கும் அந்நாள்களில் போர்வைகள் தைக்கப்பட்டன, பாத்திரங்கள் வாங்கப்பட்டன. படுக்கையும் போர்வையும் ஆயத்தமான பின்னரே மணமக்கள் தனிக்குடித்தனம் புகுந்தனர். சீர்வரிசை என்று நாம் கூறுவதை அங்கே கூடித் தைத்தே உண்டாக்கினர்.

ஏப்ரல் வந்ததும் ஆறு உடையும். பனிப்பாளங்கள் மோதி இறங்கும்; பாலங்கள் அடித்துச் செல்லப்படும். அக்கரைக்கு நடந்தும் போக முடியாது, படகிலும் எளிதில் போக முடியாது. ஆயினும் பேறுவலி பருவம் பார்த்து வருவதில்லை. 1789ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், புயலும் வெள்ளமுமாக இருந்த நாளில், மார்த்தா படகில் ஆற்றைக் கடந்தார். குதிரைமேல் செல்லும்போது பெருமரம் ஒன்று வேரோடு அவர் முன்னே சாய்ந்தது. குதிரை பின்வாங்கியதால் உயிர் தப்பினார். மேலும் சென்றால் ஓடைப் பாலம் காணவில்லை. அதற்கு முன்பே வேறோர் ஓடையை மிதக்கும் மரக்கட்டைகளின்மேல் கடந்திருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

மே மாதம் தோட்டத்துக்கு உரியது. அவரையும் முட்டைக்கோசும் மருந்துச் செடிகளும் மண்ணுக்குள் சென்றன. அந்நாட்டு வழக்கப்படி, குளிர்காலத்தில் நெய்த பழுப்பு லினனைப் புல்வெளியில் விரித்து, நீர் தெளித்து, வெயிலில் வெளுக்க வைப்பதும் இளவேனிலில்தான். ஆடுகளுக்கு மயிர் கத்தரித்ததும், ஆளி விதைத்ததும் அதே பருவம். அடுத்த குளிர்காலத்தின் போர்வைக்கும் காலுறைக்கும் அங்கேயே மறுபடி தொடக்கம்.

இவை வரலாறாகுமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. அப்பகுதியின் வரலாற்றை 1870ஆம் ஆண்டு எழுதிய ஜேம்ஸ் நார்த் இவ்வேட்டைப் பார்த்தவர்தாம். அதில் பொதுவாசகர்க்குரிய செய்தி மிகச் சிலவே என்று கருதி, அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டார். அவரைக் குறைகூற எனக்குத் தயக்கமாயிருக்கிறது. அரசர், ஆளுநர், போர், உடன்படிக்கை என்ற வரிசையில் வரலாறு கற்பிக்கவே ஆசிரியப் பயிற்சியில் நானும் பழக்கப்பட்டேன். என் பள்ளியின் குறிப்பேட்டில் நாள்தோறும் நான் எழுதுவதும் கண்காணிப்பாளர் வருகையும் மாணவர் தொகையும் வெள்ள விடுமுறையுந்தான். மாணவரின் சீருடைக் கிழிசலை இரவில் தைத்து அனுப்பிய அன்னையரைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.

நார்த் விட்டுவிட்டதை எடுத்தவர் லாரல் தாட்சர் உல்ரிச் என்னும் வரலாற்றுப் பேராசிரியர். எத்தனை முழம், யார் வீட்டு நூல், எவள் யாருக்கு உதவினாள் என்ற வரிகளை அவர் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். வரிப்பட்டியலிலும் நீதிமன்ற ஏட்டிலும் இடம்பெறாத ஒரு முழுப் பொருளாதாரம், பெண்கள் தமக்குள் நடத்திவந்த பொருளாதாரம், அவ்வரிகளில் இருந்தது. ஒரு மருத்துவச்சியின் கதை என்னும் பெயரில் 1990ஆம் ஆண்டு வெளிவந்த அவர் நூல், அடுத்த ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது.

அவ்வேடு காட்டுவது கூடித் தைத்த மகிழ்ச்சியை மட்டுமன்று. டாலியும் 1795ஆம் ஆண்டு மணமாகிச் சென்றாள். தறியின் ஓசை குறைந்தது. கூலிக்கு வந்த பெண்கள் நிலைத்து நிற்கவில்லை. இரவு நெடுநேரம் தனியே வேலை செய்துவிட்டு, இதற்கு எல்லையே இல்லையா என்ற சோர்வோடு மார்த்தா எழுதியதும் அவ்வாண்டிலேதான். 1804ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வரி தண்டும் பொறுப்பில் இருந்த கணவர் பாக்கித் தொகைக்காகக் கடன் சிறைக்குச் சென்றார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கே இருந்தார். மகன் குடும்பம் வீட்டில் குடிவந்தது. மார்த்தாவுக்கு எஞ்சியது ஓர் அறை. எழுபதை எட்டும் வயதில், பழைய களைக்கொட்டினால் உலுத்த மரத்தை உடைத்துக் கூடையில் சுமந்து வந்து அடுப்பெரித்தார். ஒன்பது மக்களைப் பெற்று, நூற்றுக்கணக்கான மகவுகளைக் கையில் ஏந்திய பெண்ணுக்கு விறகில்லை. இச்செய்தியை வேறெந்த ஆவணமும் நமக்குச் சொல்லியிராது.

ஏடு பிழைத்ததே ஒரு வியப்பு. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்திலேயே இருந்து, கொள்ளுப்பேத்தியின் மகளான மேரி ஹோபர்ட்டின் கைக்கு 1884ஆம் ஆண்டு வந்தது. அவர் அவ்வாண்டிலேதான் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். அதனை மரப்பேழையில் வைத்துக் காத்து, 1930ஆம் ஆண்டு மேய்ன் மாநில நூலகத்துக்கு வழங்கினார்.

1812ஆம் ஆண்டு ஏப்ரலில்கூட மார்த்தா பேறு பார்க்கச் சென்றார். மே 7ஆம் நாள் எழுதிய கடைசிக் குறிப்பிலும் வழக்கம்போல் வானிலையே முதலில் நிற்கிறது. இளவேனில் பிறந்தும் அன்று கடுங்குளிர், காற்றும் வீசிற்று. மருமகளும் பேரக்குழந்தைகளும் வந்திருந்தனர். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் வந்தனர். திருச்சபை குரு வந்து பேசியிருந்து, அவர் நிலைக்கேற்ற மன்றாட்டு ஒன்று செய்தார். வந்தவர் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்.