கிளச்: பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்



2020 மார்ச்சில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருபது, முப்பது வருடம் ஓடிய ஹொண்டா சிவிக்கும் மிட்சுபிஷி லான்சரும் தங்கத்தின் மதிப்புக்கு வந்துவிட்டன. புதுக் கார் எடுக்க முடியாதவர்கள் இருக்கிற காரைத் திருத்தினார்கள். திருத்தக் கொடுத்த இடத்திலேயே சிலர் எஞ்சினையும் மாற்றினார்கள், டர்போவும் பூட்டினார்கள். ஆரையம்பதி, காத்தான்குடி, பாலமுனை, காங்கேயனோடை என்று எமது பக்கத்து இளைஞர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

எஞ்சினுக்கு வலு கூடியதும் முதலில் கைவிடுவது பெரும்பாலும் கிளச்தான். நான்காம் கியரில் அக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறும், கார் மட்டும் அதற்கேற்ப ஓடாது. கருகிய மணம் வரும். "ஸ்லிப் அடிக்குது, ரேசிங் கிளச் போடு" என்று யாராவது சொல்வார்கள். போட்ட பிறகு இன்னொரு தொல்லை தொடங்கும். காத்தான்குடிப் பிரதான வீதியில், பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில், மாலை நேர நெரிசலில் கார் குதிரை போலத் துள்ளும். கால் நடுங்கும். எஞ்சின் நின்று நின்று போகும்.

இதற்கு விடை தேட முன்னர் கிளச்சின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். ஏனென்றால் இன்று எமது இளைஞர்கள் படும் பாட்டை 130 வருடங்களுக்கு முன்பே மனிதர்கள் பட்டுவிட்டார்கள்.

1886இல் கார்ல் பென்ஸ் தனது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இன்றைய வடிவில் கிளச் இல்லை. எஞ்சினிலிருந்து வந்த பட்டி சும்மா சுற்றும் கப்பியில் கிடக்கும். அதைத் தள்ளி, தண்டோடு பொருத்திய கப்பிக்கு மாற்றினால் வண்டி நகரும். பட்டி கொஞ்சம் வழுக்கிக்கொண்டே பிடிக்கும் என்பதால் வண்டி மெதுவாகக் கிளம்பியது. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் அந்த வகை வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது ஒரு சப்பாத்துத் தொழிலாளியிடம் போய் அவற்றுக்குத் தோல் அடித்துக்கொண்டார். உராய வேண்டிய இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அன்று கைவசம் இருந்த விடை தோல்தான்.

அடுத்து வந்த கார்களில் கூம்பு வடிவக் கிளச் இருந்தது. பிளைவீலின் உட்புறம் கூம்பாகக் குழிந்திருக்கும். தோல் போர்த்திய இன்னொரு கூம்பு அதனுள் போய் இறுகும். தோல் காய்ந்துவிட்டால் கிளச் வெடுக்கென்று பிடித்து வண்டியை உலுக்கும். எண்ணெய் பட்டுவிட்டால் வழுக்கும். காய்ந்த தோலுக்கு ஆமணக்கெண்ணெய் பூசுவதும், வழுக்கும் தோலுக்கு எண்ணெயை உறிஞ்சும் களிமண் பொடி தூவுவதும் அக்காலச் சாரதிகளின் வழமையான வேலை. வெடுக்கென்று பிடிப்பது, பிடிக்காமல் வழுக்குவது ஆகிய இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவில்தான் கிளச்சின் வரலாறு முழுவதும் நடக்கிறது.

இங்கிலாந்தில் ஹேர்பர்ட் ஃப்ரூட் என்பவர் மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளின் பிரேக்கை அவதானித்து, அதற்கென்றே தனியான உராய்வுப் பட்டைகளைச் செய்யத் தொடங்கியது 1897இல். அவருடைய பெயரின் எழுத்துகளை இடம்மாற்றி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து உருவான பெயர்தான் ஃபெரோடோ. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பட்டைகளுக்குள் அஸ்பெஸ்டஸ் நார் வந்தது. சூட்டைத் தாங்கியது, மலிவாகவும் இருந்தது. கூம்பு போய்த் தட்டையான ஒற்றைத் தட்டு வந்தது. அதை அழுத்த வட்டமாகச் சுருள் வில்லுகளை அடுக்கினார்கள்.

சுருள் வில்லுக்கும் ஒரு குறை இருந்தது. எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது வில்லுகள் வெளிப்பக்கம் வளைந்து அழுத்தம் குறையும். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு மாற்றாக, பூ இதழ்கள் போல் வெட்டிய ஒரே உருக்குத் தகட்டை வில்லாகப் பயன்படுத்தியது. டயஃப்ரம் வில் என்பது அதுதான். வேகத்தில் அதன் அழுத்தம் குறைவதில்லை. பெடலை முழுதாக மிதிக்கும்போது காலுக்கு வரும் பாரமும் குறைகிறது. பின்னர் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அதுவே வழக்கமாயிற்று. இன்று எமது கார்களில் இருப்பதும் அதே வகைதான்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டையை மேலும் முரடாக்கி மட்டும் யாரும் முன்னேறவில்லை. அழுத்தும் விதத்தை மாற்றினார்கள், தட்டின் வடிவத்தை மாற்றினார்கள், பொருளை மாற்றினார்கள். பிடியும் கூட வேண்டும், மென்மையும் போகக்கூடாது என்பதே ஒவ்வொரு தலைமுறையின் தேடலாகவும் இருந்தது.

எமது படுவான்கரை வயல்களிலும் இதற்குச் சாட்சி உண்டு. பழைய மெஸி பெர்குசன் ட்ரக்டர்களில் இரட்டைக் கிளச் வைத்த வகைகளைப் பாருங்கள். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். ஆனால் பின்னால் பூட்டியிருக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால்தான் இரண்டும் நிற்கும். ஒரே பெடலில் இரண்டு வேலைக்கு இரண்டு தட்டுகள். அதேபோல், 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மண்முனையில் வாவியைக் கடந்த பாதையை நினைத்துப் பாருங்கள். பாரம் ஏற்றிய வாகனத்தை அங்குலம் அங்குலமாகப் பாதையில் ஏற்ற, அரைக் கிளச்சில் நின்று பிடிக்கும் வாகனம் வேண்டும். வெடுக்கென்று பிடித்தால் வாகனம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி எமது கேள்விக்கு வருவோம். தரம் 10 விஞ்ஞானத்தில் நாம் உராய்வைக் கற்பிக்கிறோம். உராய்வு விசை, செவ்வன் விசையிலும் தொடும் பொருள்களின் தன்மையிலும் தங்கியிருக்கும், தொடுகைப் பரப்பளவில் தங்கியிராது. 1699இல் பிரான்சின் அமொன்தோன் இதை வெளியிட்டார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் முன்பே லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் எழுதியிருந்தார். கிளச் வாங்கப் போகிறவருக்கு இந்தப் பாடமே பாதி வேலையை முடித்துவிடும்.

கிளச் ஒன்று தாங்கும் முறுக்கத்தை, அதாவது மெக்கானிக்மார் 'டோர்க்' என்று சொல்வதை, நான்கு எண்களைப் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம்: உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, பட்டையின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. உதாரணமாக வெளிவிட்டம் 240 மில்லிமீற்றர், உள்விட்டம் 160 மில்லிமீற்றர் உள்ள தட்டு ஒன்றை எடுப்போம். சராசரி ஆரை 0.1 மீற்றர். பிரஷர் பிளேட்டின் அழுத்தம் 7,000 நியூட்டன், குணகம் 0.3. ஒரு தட்டுக்கு இரண்டு முகங்கள். பெருக்கினால் 420 நியூட்டன் மீற்றர்.

இப்போது டர்போவைக் கூட்டி எஞ்சின் 480 நியூட்டன் மீற்றர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 25 மேலதிகமாக வைத்தால் 600 தாங்கும் கிளச் தேவை. ஆரையைக் கூட்ட முடியாது, கியர்பொக்ஸ் கூட்டுக்குள் இடம் இல்லை. மிச்சம் மூன்று வழிகள்.

முதல் வழி, அழுத்தத்தை 10,000 நியூட்டனாகக் கூட்டுவது. கணக்குச் சரியாக 600 வரும். பட்டை பழைய வகையே என்பதால் பிடிப்பதும் மென்மையாகவே இருக்கும். ஆனால் பெடல் பாரமாகும். ஒவ்வொரு மிதிக்கும் எஞ்சினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பெயாரிங்கிலும் அந்தப் பாரம் விழும்.

இரண்டாவது வழி, பட்டையின் பொருளை மாற்றுவது. செரமிக், உலோகப் பொடிக் கலவைப் பட்டைகளில் குணகம் கூடுதல். 0.4 என்று எடுத்தால் 560 வரும். ரேசிங் கிளச் என்று விற்கப்படும், மூன்று, நான்கு, ஆறு துண்டுகளாக நிற்கும் தட்டு இந்த வகைதான். துண்டு துண்டாக இருப்பதால் பிடி கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பரப்பளவுக்கும் பிடிக்கும் தொடர்பில்லை என்று மேலே பார்த்தோமே. பிடி கூடுவது பொருளால். துண்டாக வெட்டுவதால் தட்டின் பாரம் குறைகிறது, கியர் மாற்றுவது விரைவாகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை வேறு. சாதாரணத் தட்டில் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே அலைபோல் வளைந்த மெல்லிய தகடு ஒன்று மெத்தையாக இருக்கும். இவ்வகைத் தட்டுகள் பலவற்றில் அது இல்லை. நடுவில் அதிர்வை வாங்கும் சிறிய வில்லுகளும் சிலவற்றில் இல்லை. அதனால்தான் துள்ளல், நடுக்கம், சத்தம்.

மூன்றாவது வழி, தட்டுகளை இரண்டாக்குவது. முகங்கள் நான்காகும். அப்போது பழைய குணகத்தோடு 5,000 நியூட்டன் அழுத்தமே போதும், 600 வந்துவிடும். பெடலும் இலேசாகிறது. சூடும் இரண்டு தட்டுகளுக்குப் பகிரப்படுகிறது. குறை என்ன? விலை மிக அதிகம். சில வகைகளில் பெடலை மிதித்திருக்கும்போது தட்டுகள் கடகடவென்று சத்தமிடும். பூட்டுகிறவருக்கும் அனுபவம் வேண்டும்.

பந்தயக்காரர்கள் முரட்டுக் கிளச்சைப் போடுகிறார்களே என்று கேட்கலாம். எமது நாட்டில் மோட்டார் பந்தயம் பழையது. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தொடங்கியது 1934இல். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டி தொடங்கியது 1993இல். அங்கே கார் ஒரு தடவை கிளம்பினால் முடிவுக்கோடு வரை நெரிசலும் இல்லை, மாட்டு மந்தையும் இல்லை. போட்டி முடிந்ததும் கழற்றிப் பார்ப்பார்கள், தேவையென்றால் மாற்றுவார்கள். எமது காரோ கல்லடிப் பாலத்து நெரிசலில் ஊர வேண்டும், செங்கலடியில் திரும்பிப் பதுளைக்கு மலை ஏற வேண்டும், நடு இரவில் உம்மாவைப் போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுபோக வேண்டும். பல வீடுகளில் இருக்கும் ஒரே வாகனமும் அதுதான்.

ஆகவே எமது ஆலோசனைகள் இவை.

1. குதிரைவலுவைக் கேட்டு கிளச் வாங்காதீர்கள், முறுக்கத்தைக் கேளுங்கள். லான்சர் எவலூஷன் 9 கம்பனியிலிருந்து வரும்போதே ஏறத்தாழ 400 நியூட்டன் மீற்றர் தருகிறது. சிவிக் டைப் ஆர் இகே9 தருவது 160 மட்டுமே. இரண்டுக்கும் ஒரே வகைக் கிளச் எதற்கு?

2. நூற்றுக்கு 20 முதல் 30 வரை மேலதிகம் போதும். ஒருபோதும் வழுக்காத கிளச் நல்ல கிளச் அல்ல. அதிர்ச்சி வரும்போது கிளச் விட்டுக்கொடுக்காவிட்டால் அடுத்து உடைவது கியர்பொக்ஸும் அக்ஸிலும்தான். தேய்ந்த தட்டை மாற்றலாம், உடைந்த கியர்பொக்ஸுக்கு எங்கே போவது?

3. வீதிக்கு முதல் தெரிவு, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும், நடுவில் வில்லுகள் உள்ள வழமையான பட்டைத் தட்டும். அது போதாத அளவுக்கு எஞ்சின் வலுவானால், பணமும் இருந்தால், இரட்டைத் தட்டு. வில்லில்லாத செரமிக் துண்டுத் தட்டு பந்தயத்துக்கு உரியது.

4. தட்டை மாற்றும்போது பிளைவீலின் முகத்தையும் பார்த்துச் சீராக்குங்கள். ரிலீஸ் பெயாரிங்கையும் மாற்றுங்கள். எஞ்சினின் பின்பக்க எண்ணெய் சீல் கசிந்தால் எந்தக் கிளச்சும் வழுக்கும். அன்று தோலுக்கு நடந்ததுதான் இன்றும் நடக்கும்.

5. புதுத் தட்டைப் பூட்டியதும் வேகம் பார்க்கப் போகாதீர்கள். முதல் 800 கிலோமீற்றர் வரை ஊருக்குள் பொறுமையாக ஓட்டுங்கள். முகங்கள் ஒன்றோடொன்று படிய அவகாசம் வேண்டும்.

6. கராஜில் வேலை செய்யும் தம்பிமாருக்கு: பழைய தட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் நோய் வெளியில் தெரியப் பல வருடமாகும், பிறகு குணப்படுத்துவது கடினம். கிளச்சைக் கழற்றிக் காற்றடித்துத் தூசை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் அணியுங்கள். புதிதாக வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் அற்றது என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடி மட்டும் வேண்டுமென்றால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஆணி அடித்து இணைத்துவிடலாம். கிளச் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே, விட வேண்டிய இடத்தில் விடுவதற்காக. வலுவான காரை வைத்திருக்கும் தம்பிமார் அந்தப் பெடலை மிதிக்கும்போதெல்லாம் இதை ஞாபகத்தில் வைத்தால், காரும் நெடுநாள் ஓடும், வீதியில் நடக்கும் எங்கள் பிள்ளைகளும் பத்திரமாக வீடு வந்து சேருவார்கள், இன்ஷா அல்லாஹ்.